சரிட்டி நம்பர் இல்லாமல் சமூக அறக்கட்டளையிடம் கிராண்ட் கேட்கலாமா?

2025 ஜனவரி 14 (வாசகர் கேள்வி)

ரொறன்ரோ நகரின் ஸ்காபரோ பகுதியில் முதியோருக்காக வாராந்த ஒன்றுகூடல் நடத்துகிறோம். யோகா, மதியச் சாப்பாடு, வந்த கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்துவது, அரசாங்கப் படிவம் நிரப்பிக் கொடுப்பது எல்லாம் நடக்கிறது. ஒன்ராறியோவில் இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிந்திருக்கிறோம், பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களுக்குக் கிடைக்கும் சரிட்டி நம்பர் இல்லை. ஊர்த் தேவைகளுக்குக் காசு கொடுக்கும் சமூக அறக்கட்டளைகளிடம் கிராண்ட் (நிதியுதவி) கேட்கலாம் என்று விசாரித்தால் ஒருவர் "சரிட்டி இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்க மாட்டார்கள்" என்கிறார். மற்றவர் "சட்டம் மாறிவிட்டது, இப்போது யாரும் கேட்கலாம்" என்கிறார். எது சரி?

ஜனவரி 15

இரண்டிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது.

கனடாவின் வருமானவரிச் சட்டத்தில், பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒன்று இன்னொரு பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்கோ, சட்டம் குறிப்பிடும் வேறு சில அமைப்புகளுக்கோதான் காசு கொடுக்கலாம் என்று நீண்ட காலம் இருந்தது. சமூக அறக்கட்டளைகளும் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள்தான். அதனால் உங்களைப் போன்ற குழுவுக்கு உதவ வேண்டுமென்றால், வேலையைத் தங்கள் சொந்த வேலையாக்கி, ஒவ்வொரு படியையும் தாங்களே கட்டுப்படுத்துவதாகக் காட்ட வேண்டியிருந்தது. பலர் அந்தச் சிக்கலுக்குள் போகவே விரும்பவில்லை.

2022 ஜூனில் இது மாறியது. இப்போது சரிட்டி நம்பர் இல்லாத அமைப்புக்கும் கொடுக்கலாம். ஆனால் காசு அறப்பணிக்குத்தான் போகிறது என்பதற்குக் கொடுப்பவர் பொறுப்பு. உங்களை விசாரிக்க வேண்டும், எழுத்தில் உடன்படிக்கை வேண்டும், இடையில் கண்காணிக்க வேண்டும், முடிவில் கணக்கு வாங்க வேண்டும். ஒரு குழுவுக்கு 5,000 டொலருக்கு மேல் கொடுத்தால் சி.ஆர்.ஏ.க்கு (கனடாவின் வரித் திணைக்களத்துக்கு) தங்கள் வருடாந்த அறிக்கையோடு தனிப் படிவத்திலும் காட்ட வேண்டும். சி.ஆர்.ஏ. இதற்கான இறுதி வழிகாட்டியை 2023 டிசம்பரில்தான் வெளியிட்டது.

ஆகவே சட்டம் அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. சில அறக்கட்டளைகள் திறந்துவிட்டன. சில இன்னும் "பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள் மட்டும்" என்றே எழுதி வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கிராண்டுக்கும் தகுதி விதிகளை முதல் வரியிலிருந்து வாசியுங்கள். போன வருடம் வாசித்தது இந்த வருடத்துக்கு உதவாது.

ஜனவரி 15, இரவு

இன்னொரு வழி இருக்கிறது. சரிட்டி நம்பர் உள்ள ஓர் அமைப்போடு சேர்ந்து கேட்கலாம். அவர்கள் பெயரில் விண்ணப்பம் போகும், வேலையை நீங்கள் செய்வீர்கள். நிர்வாகச் செலவுக்கென்று ஒரு வீதத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், அது நியாயம்தான். ஆனால் கையெழுத்து வைக்க முதல் யார் காசை வைத்திருப்பது, எத்தனை நாளில் பற்றுச்சீட்டுக்குக் காசு தருவது, அறிக்கையை யார் எழுதுவது என்று மூன்றையும் எழுத்தில் வையுங்கள். "எங்கட ஆக்கள்தானே" என்ற நம்பிக்கையில் வாய்ப்பேச்சாக விட்டு, கடைசியில் ஒருவரோடொருவர் கதைக்காமல் போன இரண்டு நல்ல அமைப்புகளை எனக்குத் தெரியும்.

ஒருவரிடம் உண்மையில் சரிட்டி நம்பர் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். ஒன்பது இலக்கங்களுக்குப் பிறகு ஆர்ஆர்0001 போல வரும். ஆர்சி என்று வந்தால் அது கம்பனி வரிக் கணக்கு, சரிட்டி இல்லை. சி.ஆர்.ஏ. இணையப் பட்டியலில் பெயரைப் போட்டுத் தேடினால் அவர்களுடைய வருடாந்த அறிக்கையும் வரும். வாசியுங்கள். அவர்களோடு சேரலாமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஜனவரி 19

"அப்படியென்றால் நாங்களே சரிட்டியாகப் பதிந்துவிடுவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதியலாம். முதுமையால் வரும் கஷ்டங்களைத் தணிப்பது அறப்பணியாக ஏற்கப்பட்ட நோக்கம். ஆனால் உங்கள் நிறுவனப் பத்திரத்தில் "தமிழர் பண்பாட்டை வளர்த்தல்", "உறவுகளை ஒன்றுகூட்டுதல்" என்று எழுதியிருந்தால் அங்கேதான் மறிபடும். ஒரு பண்பாட்டை வளர்ப்பது மட்டும் சட்டத்தின் கண்ணில் அறப்பணி ஆகாது. கல்வி மூலமாகவோ கலை மூலமாகவோ செய்கிறோம் என்று காட்ட வேண்டும். கூடிக் கதைத்துச் சாப்பிடுவது எவ்வளவு அருமையான விஷயமானாலும் அதைத் தனி நோக்கமாக ஏற்க மாட்டார்கள். பயன் தமிழர்களுக்கு மட்டும் என்றால் ஏன் அப்படி என்றும் காரணம் கேட்பார்கள். மொழி ஒரு நல்ல காரணம். ஆங்கிலம் தெரியாத எழுபது வயது அம்மாவுக்கு ஆங்கிலத்தில் நடக்கும் முதியோர் நிகழ்ச்சி பயன்படாது என்று எழுதினால் யாருக்கும் விளங்கும்.

பதிந்த பிறகு வேலையும் கூடும். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ரி3010 என்ற வருடாந்த அறிக்கை சி.ஆர்.ஏ.க்குப் போக வேண்டும். தவறினால் பதிவே போய்விடும், திரும்ப எடுக்க 500 டொலர் தண்டம் கட்ட வேண்டும். கணக்குப் பார்க்க நிரந்தரமாக ஓர் ஆள் கிடைத்த பிறகு பதியுங்கள் என்பதுதான் என் எண்ணம்.

ஜனவரி 27

இந்த அறக்கட்டளைகள் யாருடைய காசைக் கொடுக்கின்றன என்று விளங்காமல் விண்ணப்பம் எழுத முடியாது. அதனால் கொஞ்சம் பழைய கதை.

முதல் சமூக அறக்கட்டளை 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் தொடங்கியது. பிரெடெரிக் கொஃப் என்ற வங்கிக்காரருடைய யோசனை அது. செத்துப்போன பணக்காரர்களின் உயில்களில் காசு கட்டுண்டு கிடக்கிறது. உயில் சொன்ன தேவை மறைந்து போனாலும் காசை வேறெதற்கும் எடுக்க முடியாது. ஊர் மக்கள் சிலர் கூடி, அந்தந்தக் காலத்துத் தேவையைப் பார்த்துக் கொடுக்கும்படி ஒரு பொது நிதி இருக்கட்டும் என்று அவர் நினைத்தார். கனடாவில் அது 1921இல் வினிபெக்குக்கு வந்தது. வில்லியம் அலோவே என்ற வங்கிக்காரர் ஒரு லட்சம் டொலர் வைத்துத் தொடங்கினார். 1924இல் பெயர் சொல்லாத ஒரு பெண்மணி ஓர் உறையில் மூன்று ஐந்து டொலர் தங்க நாணயங்களை வைத்துக் கொடுத்தார். அந்தப் பதினைந்து டொலரை வினிபெக் அறக்கட்டளை இன்றும் பெருமையோடு சொல்கிறது. ரொறன்ரோ அறக்கட்டளை 1981இல் வந்தது. இன்று கனடா முழுவதும் இருநூறுக்கு மேல் இருக்கின்றன.

இந்த அறக்கட்டளைகளிடம் இருக்கும் காசில் பெரும்பகுதி மூலதனம். அதைத் தொடாமல், அதிலிருந்து வரும் வருமானத்தில்தான் கொடுப்பார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு 30 லட்சம் டொலர் சேர்த்தோமே, அதே ஏற்பாடு. சட்டப்படி, இப்படி முதலீட்டில் இருக்கும் சொத்தில் முதல் பத்து லட்சத்துக்கு வருடம் 3.5 வீதமும் அதற்கு மேல் 5 வீதமும் குறைந்தது செலவழிக்க வேண்டும். இந்த 5 வீதம் 2023இலிருந்து வந்தது. ஒரு லட்சம் டொலர் நிதியிலிருந்து வருடத்துக்குச் சில ஆயிரங்கள்தான் வரும். எனவே 80,000 கேட்டு எழுதாதீர்கள். அவர்கள் போன வருடம் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அதே ரி3010இல் இருக்கும். உங்களளவு அமைப்புக்குக் கிடைத்த தொகையைப் பார்த்து அதற்குள் கேளுங்கள்.

ஜனவரி 28

நேற்று விட்டுப்போனது. அறக்கட்டளையில் இருக்கும் எல்லா நிதிக்கும் விண்ணப்பிக்க முடியாது. பல நிதிகளில், காசு எங்கே போக வேண்டும் என்று நன்கொடை தந்த குடும்பமே ஆலோசனை சொல்லும். அதற்குப் படிவமே கிடையாது. அறக்கட்டளை ஊழியர் ஒருவர் "ஸ்காபரோவில் இப்படி ஒரு குழு இருக்கிறது" என்று அந்தக் குடும்பத்துக்குச் சொன்னால்தான் வரும். சொல்வதற்கு அவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் எழுதுவதற்கு முதல் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். எங்களில் பலர் "தொந்தரவு கொடுக்கக்கூடாது" என்று கூச்சப்பட்டு நேரே படிவத்தைத்தான் நிரப்புகிறார்கள். அந்த ஊழியருடைய வேலையே உங்களோடு கதைப்பதுதான்.

பெப்ரவரி 2

வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி எழுதத்தான் இந்த இழையில் நுழைந்தேன்.

வரவு செலவுத் திட்டத்தை முதலில் எழுதுங்கள். கதையைப் பிறகு எழுதலாம். அதில் உண்மையான செலவை எழுதுங்கள்.

உதாரணத்துக்கு உங்களைப் போன்ற ஒரு நிகழ்ச்சி. வாரம் ஒருநாள், வருடத்துக்கு 40 வாரம், 30 பேர். மண்டபம் மூன்று மணி நேரம், மணிக்கு 45 டொலர் என்றால் 5,400. சாப்பாடு ஆளுக்கு 6 டொலர், 7,200. காப்புறுதி 1,200. பொருட்கள் 800. கணக்கு வேலை 1,500. இதோடு நிறுத்தி 16,100 டொலர் என்று எழுதுவதுதான் எங்கள் வழக்கம். "சம்பளம்: 0. எல்லோரும் தொண்டர்கள்" என்று பெருமையாக ஒரு வரியும் போடுவோம்.

ஆனால் யார் மண்டபத்தைப் பதிவது? முதல்நாள் முப்பது வீட்டுக்கு யார் தொலைபேசி எடுப்பது? வராத ஆளைத் தேடுவது யார்? வாரம் பத்து மணி நேரம் என்று வையுங்கள். மணிக்கு 25 டொலர் என்றால் வருடம் 10,000. முதலாளி பக்கம் கட்ட வேண்டிய ஓய்வூதிய, வேலைக் காப்புறுதித் தொகை சுமார் 620. மொத்தம் 26,720. ஒருவர் ஒருநாள் வந்து போக 22 டொலர் சொச்சம். முப்பது முதியவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடும், உடற்பயிற்சியும், கடிதம் வாசித்துச் சொல்ல ஒரு நம்பிக்கையான மனிதரும் இந்தக் காசுக்குள் கிடைக்கிறார்கள். இதைவிட வலுவான வாதம் உங்களிடம் வேறு இல்லை. சம்பளம் பூச்சியம் என்று எழுதி அந்த வாதத்தை நீங்களே மறைக்கிறீர்கள்.

பெப்ரவரி 3

"தொண்டு செய்ய ஏன் சம்பளம்? கோயிலில் யாராவது சம்பளம் கேட்கிறார்களா?" என்று ஒருவர் கோபத்தோடு எழுதியிருக்கிறார். அந்தக் கோபத்தை மதிக்கிறேன். இங்கே வந்த முதல் பத்து இருபது வருடம் எல்லாவற்றையும் தொண்டால்தான் கட்டினோம். தமிழ் வகுப்புகள், ஊர்ச் சங்கங்கள், மரணச் செய்தி வந்தால் ஓடிப்போய் நின்ற ஆக்கள், யாரும் காசு வாங்கவில்லை.

ஆனால் நான் உதவிய ஒரு முதியோர் குழுவை ஓர் அக்கா தனியாளாகக் கொண்டு நடத்தினார். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் இந்த வேலை. அவருடைய தாயார் படுக்கையில் விழுந்ததும் அவரால் வர முடியவில்லை. மண்டபத்தின் திறப்பு (சாவி) யாரிடம், எந்த ஐயாவுக்கு நீரிழிவு, எந்த அம்மாவை வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது. சில மாதத்தில் குழு நின்றது. வந்தவர்களில் சிலர் பிறகு வெளியே போவதையே விட்டுவிட்டார்கள். அவருக்குப் பகுதி நேரச் சம்பளம் இருந்திருந்தால் இன்னொரு ஆளைப் பழக்கியிருக்கலாம். தொழிற்சாலையில் ஒரு நாளைக் குறைத்திருக்கலாம்.

தொண்டர்களின் நேரத்தையும் விட வேண்டாம். அதைத் தனி வரியில், பொருளாகக் கிடைக்கும் உதவி என்று மதிப்புப் போட்டு எழுதுங்கள். 2025 தொடக்கத்தில் ஒன்ராறியோவில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.20 டொலராக இருந்தது. அந்த அளவில் போட்டாலே பெரிய தொகை வரும். ஊர் தன் பங்கைக் கொடுக்கிறது என்று அறக்கட்டளைக்குத் தெரியட்டும்.

பெப்ரவரி 11

விண்ணப்பங்களை வாசிக்கும் குழுவில் தொண்டராக இருந்திருக்கிறேன். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

வாசிப்பவர்களும் வேலை முடிந்து வந்து இரவில் வாசிக்கும் சாதாரண ஆக்கள்தான். ஆசிரியர், தாதி, கணக்காளர், சில இளைஞர்கள். ஒரே மூச்சில் பல விண்ணப்பங்கள். "சமூகத்தை வலுவூட்டுதல்", "முழுமையான அணுகுமுறை" என்று வந்தால் கண் தானாக வழுக்கிப் போகும். "புதன்கிழமை பதினொரு மணிக்கு முப்பது பேர் வருகிறார்கள், பாதிப் பேர் இரண்டு பஸ் எடுத்து வருகிறார்கள்" என்று எழுதியிருந்தால் மேசையில் யாராவது அதை வாசித்துக் காட்டுவார்கள்.

அடுத்தது, கணக்கும் கதையும் ஒத்துப்போக வேண்டும். கதையில் யோகா ஆசிரியர், கணக்கில் யோகா ஆசிரியருக்கு வரியே இல்லை என்றால் அங்கேயே கேள்வி எழும். இது செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதிய விண்ணப்பங்களில் இப்போது கூடிவிட்டது என்று அந்த வேலையில் இருக்கும் ஒரு நண்பர் சொன்னார். மொழி திருத்த அதைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஆங்கிலம் தடையாக இருப்பவர்களுக்கு அது பெரிய துணை. ஆனால் எண்களும் விவரங்களும் உங்கள் வரவுப் புத்தகத்திலிருந்துதான் வர வேண்டும்.

கடைசியாக, "இந்தக் கிராண்ட் முடிந்த பிறகு என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி. "வேறு கிராண்டுகளுக்கு விண்ணப்பிப்போம்" என்பதுதான் எல்லோரும் எழுதும் பதில். அதைவிட, "வருகிறவர்கள் விரும்பினால் வாரம் இரண்டு டொலர் போடுகிறார்கள், ஒரு மளிகைக் கடை அரிசி தருகிறது, மிச்சத்துக்கு மட்டும் உதவி தேவை" என்பது நம்பக்கூடிய பதில். உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

பெப்ரவரி 20

தேவையை எப்படி நிரூபிப்பது என்று கேட்டவருக்கு. ரொறன்ரோ நகரசபை நகரத்தை 158 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குடிசனக் கணக்கெடுப்பு விவரத்தை இலவசமாகப் போட்டிருக்கிறது. முன்பு 140ஆக இருந்தது. ஸ்காபரோவிலுள்ள மல்வேன் இப்போது கிழக்கு, மேற்கு என்று இரண்டு. வயது, தாய்மொழி, வருமானம் எல்லாம் இருக்கும். உங்கள் மண்டபம் இருக்கும் பகுதியை எடுத்து, 65 வயதுக்கு மேற்பட்டோரையும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரையும் பாருங்கள். கனடாவின் எண்ணிக்கை, ஒன்ராறியோவின் எண்ணிக்கை என்று பெரிதாக எழுதிப் பயனில்லை.

பிறகு அறக்கட்டளையின் சொந்த அறிக்கையைப் பாருங்கள். நகரத்தின் நிலையைச் சொல்லும் 'வைற்றல் சைன்ஸ்' அறிக்கை ரொறன்ரோவில் 2001இல் தொடங்கி, பிறகு மற்ற ஊர்களுக்கும் போனது. அதில் தனிமையைப் பற்றிச் சொல்லியிருந்தால் அதே அளவுகோலை உங்கள் முதியவர்களிடம் எளிய தமிழில் கேளுங்கள். "இந்தக் கிழமை வீட்டுக்கு வெளியே யாரோடாவது கதைத்தீர்களா?" என்ற ஒரு கேள்வி போதும். தொடக்கத்தில் கேட்டு, ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கேளுங்கள். அதுதான் உங்கள் மதிப்பீடு.

மார்ச் 6

நிர்வாகசபை பற்றிப் பலர் தனியாகக் கேட்கிறார்கள். ஒன்ராறியோவின் புதிய இலாப நோக்கற்ற நிறுவனச் சட்டம் 2021 அக்டோபர் 19இல் நடைமுறைக்கு வந்தது. பழைய யாப்பை, அதாவது நிறுவனத்தின் உள்விதிகளை, திருத்த மூன்று வருட அவகாசம் கொடுத்தார்கள், அது 2024 அக்டோபரில் முடிந்துவிட்டது. இன்னும் திருத்தாதவர்கள், பழைய யாப்பில் புதிய சட்டத்தோடு முரண்படும் பகுதிகள் செல்லாது என்பதைக் கவனியுங்கள். மாகாணத்துக்கு வருடாந்த அறிக்கை போக வேண்டும். வருமானமே இல்லாவிட்டாலும் சி.ஆர்.ஏ.க்கு ரி2 என்ற நிறுவன வரிப் படிவம் போக வேண்டும். கிராண்ட் கொடுப்பவர் இவற்றைத்தான் முதலில் பார்ப்பார்.

குறைந்தது மூன்று பேர் வேண்டும் என்பதற்காகக் கணவன், மனைவி, மைத்துனர் என்று போட்டிருந்தால் மாற்றுங்கள். நீங்கள் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு குடும்பத்தின் காசுப்பெட்டி. முதியோர் நிகழ்ச்சி என்றால் வருகிற முதியவர்களில் இருவரைச் சபைக்குக் கொண்டுவாருங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளால் கூட்டம் நீளும், நிகழ்ச்சி திருந்தும்.

மார்ச் 7

எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி பற்றி மேலே எழுதவில்லை. ஒன்ராறியோவில் 13 வீதம். பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் அதில் மத்திய பங்கில் 50 வீதத்தையும் மாகாணப் பங்கில் 82 வீதத்தையும் திரும்பப் பெறலாம். சரிட்டி நம்பர் இல்லாத இலாப நோக்கற்ற நிறுவனம், வருமானத்தில் குறைந்தது 40 வீதம் அரசாங்கக் காசாக இருந்தால்தான் இதைக் கேட்கலாம். உங்களுக்குத் திரும்பக் கிடைக்காவிட்டால் வரியை முழுதாகச் செலவில் சேருங்கள்.

ஏப்ரல் 10

முதலில் கேள்வி கேட்டவர் முதல் விண்ணப்பத்துக்கு "இந்தமுறை இயலவில்லை" என்று பதில் வந்ததாக எழுதியிருக்கிறார். மனம் நோகும், தெரியும். ஒரு கிழமை விட்டு, இரண்டே கேள்வி வைத்து மின்னஞ்சல் போடுங்கள்: எங்கே பலவீனமாக இருந்தது, அடுத்தமுறை கேட்கலாமா. விண்ணப்பத்துக்கு முதல் தொலைபேசியில் கதைத்த ஊழியர் இருந்தால் அவரிடமே கேளுங்கள். சில இடங்களில் பதில் வராது. வருகிற இடத்தில் அந்தப் பதில் ஒரு வருட வேலையைச் சுருக்கித் தரும்.

இதற்கிடையில் மத்திய அரசின் 'நியூ ஹொரைசன்ஸ்' முதியோர் திட்டத்தைப் பாருங்கள். சரிட்டி நம்பர் தேவையில்லை. சமூகத் திட்டங்களுக்கு 25,000 டொலர் வரை கேட்கலாம், சிறிய உதவிகள் 5,000 வரை. முதியவர்களே திட்டத்தை நடத்த வேண்டும் என்பதை அங்கே பெரிதாகப் பார்ப்பார்கள். முதியவர்களைச் சபைக்குக் கொண்டுவந்திருந்தால் உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

ஜூன் 18

5,000 டொலர் கிடைத்திருக்கிறது என்று வாசித்தேன், மிகவும் சந்தோஷம். இன்றே மூன்று வேலை செய்யுங்கள். இந்தக் காசுக்குக் கணக்குப் புத்தகத்தில் தனிப் பகுதி. ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் அன்றைக்கே படமெடுத்து ஒரே கோப்பில். வருகைப் பதிவில் கையெழுத்து, எழுத முடியாதவர்களுக்கு நீங்கள் பெயர் எழுதலாம். படம் எடுத்துப் போடுவதாக இருந்தால் முதியவர்களிடம் தமிழில் எழுதிய சம்மதப் படிவம் வாங்குங்கள்.

செலவு மாறினால், உதாரணத்துக்கு மண்டபம் இலவசமாகக் கிடைத்து அந்தக் காசைச் சாப்பாட்டுக்கு மாற்ற நினைத்தால், மாற்ற முதல் கேளுங்கள். பெரும்பாலும் "சரி" என்பார்கள். மாற்றிவிட்டுச் சொன்னால் அதே ஆக்கள் அதே மாற்றத்தை வேறு கண்ணால் பார்ப்பார்கள். இறுதி அறிக்கையில் சரிவராததையும் எழுதுங்கள். குளிர்காலத்தில் வருகை குறைந்தது என்றால் குறைந்தது என்றே எழுதி, அடுத்த தை மாசியில் வாகன ஒழுங்குக்கு எவ்வளவு தேவை என்று பக்கத்தில் போடுங்கள். அடுத்த விண்ணப்பத்தின் முதல் பத்தி அதுதான்.